நாற்பத்தொரு வருடம் ஒரே பங்கில்: ஆர்ஸ் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 7, புதன் – லியோன்

குளிர் 5 டிகிரிதான். ஆனால் சோன் ஆற்றிலிருந்து ஏறிவரும் ஈரம் அதை இரண்டு டிகிரியாக உணரவைக்கிறது. கையுறை இல்லாமல் கேமராவைத் தொட முடியவில்லை. அடுத்த புதன் சாம்பல் புதன் என்பதால் ரொட்டிக்கடைகள் எல்லாவற்றிலும் ‘பூஞ்’ குவிந்திருக்கிறது. மாவை மெல்லிசாகத் தேய்த்து, சாய்வாக வெட்டி, நடுவில் கீறி, எண்ணெயில் பொரித்து, மேலே சர்க்கரைத் தூள் தூவிய பலகாரம். நம்மூர்க் கிறிஸ்துமஸ் கலகலாவுக்கு நெருங்கிய சொந்தம். நூறு கிராம் மூன்று யூரோ. தவக்காலத்துக்கு முன்பு வீட்டில் இருக்கும் முட்டையையும் கொழுப்பையும் செலவழிக்கப் பிறந்த தின்பண்டம், அதனால் இந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் நல்லதாகக் கிடைக்கும்.

புனித யோவான் மரிய வியான்னி நாற்பத்தொரு வருடம் பங்குத்தந்தையாக (ஊர்க் கோவிலுக்கும் அதன் மக்களுக்கும் பொறுப்பான குரு) இருந்த பிரான்ஸ் கிராமம் ஆர்ஸ். அங்கே போகிறவர்கள் லியோனை ரயில் மாறும் இடமாக மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அரைநாளாவது ஒதுக்குங்கள். ஃபூர்வியேர் குன்றில் நிற்கும் பெரிய பசிலிக்காவைக் கட்டிய பியேர் போசான்தான் அதற்குப் பத்து வருடம் முன்பு, 1862-இல், ஆர்ஸ் பசிலிக்காவின் வேலையைத் தொடங்கியவர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே கை தெரியும்.

அதே குன்றின் சரிவில் வாழ்ந்தவர் பொலீன் ஜாரிகோ. பட்டுத் தொழிலாளர்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, வாரம் ஒரு சூ என்ற சிறு காசு வாங்கி, அவர் ஆரம்பித்த சேமிப்பிலிருந்து 1822-இல் விசுவாசப் பரப்புதல் சங்கம் பிறந்தது. அந்தக் காசு புதுச்சேரிக்கும் மதுரை மிஷனுக்கும்கூட வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த நம் பழைய கோவில்கள் சிலவற்றின் செங்கல்லில் லியோன் நெசவாளியின் காசு இருக்கிறது. ஆர்ஸ் பங்குத்தந்தை யோவான் மரிய வியான்னிக்கு அவர் நெருங்கிய தோழி. புனித பிலோமினாவின் திருப்பண்டத்தில் (உடல் எச்சம்) ஒரு துண்டை வியான்னிக்குக் கொடுத்ததும் அவர்தான். கடைசியில் ஜாரிகோ கடனிலும் வறுமையிலும் 1862 ஜனவரியில் இறந்தார். 2022 மே 22 அன்று இதே நகரத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். கல்லறை சேன் நிசியே கோவிலில். உள்ளே நுழைகிறவர்களுக்கு அறிவிப்புப் பலகை பெரிதாக இல்லை, கேட்டால்தான் காட்டுவார்கள். கேட்பதற்கு முன் ‘போன்ஷூர்’ சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் நேரே கேள்வி கேட்டால் இந்த ஊரில் முகம் இறுகிவிடும். சொன்னால் கூடவே நடந்துவந்து காட்டுகிறார்கள்.

பிப்ரவரி 8, வியாழன் – டார்டியி, எக்யூலி

டார்டியி லியோனுக்கு வடமேற்கே பத்து கிலோமீட்டருக்குள். இன்றைக்கு அது நகரத்தின் புறநகர். வியான்னி பிறந்த 1786 மே 8 அன்று வெறும் பண்ணைக் கிராமம். பிறந்த வீட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் கதவு சாத்தியிருக்கலாம், முதல் நாளே தொலைபேசியில் பேசிவிட்டுப் போவது நல்லது.

வீட்டில் பார்க்க வேண்டியது அடுப்பங்கரை. வழிப்போக்கரும் பிச்சை எடுப்பவர்களும் இந்த அடுப்பைச் சுற்றிச் சாப்பிட்டுவிட்டு வைக்கோல் போரில் தூங்குவது வழக்கம். வியான்னியின் தாத்தா காலத்தில் இங்கே ஓர் இரவு தங்கிய ஏழை யாத்திரிகர் பிற்பாடு புனிதரான பெனடிக்ட் ஜோசப் லாப்ரே. இந்த வீட்டுப் பிள்ளை பிற்காலத்தில் கையில் இருந்ததை எல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்ததற்கு வேர் இந்த அறையில்தான் இருக்கிறது.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி. பங்குக் கோவில்கள் மூடப்பட்டன, அரசுக்குச் சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்த குருக்கள் தலைமறைவானார்கள். 1799-இல் எக்யூலியில் ஒரு வீட்டில் ரகசியமாக நடந்த திருப்பலியில்தான் இந்தப் பையனுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை). மெழுகுதிரி வெளிச்சம் தெருவில் தெரியக் கூடாது என்று சன்னலுக்கு முன்னால் வைக்கோல் வண்டிகளை நிறுத்தி, இறக்குவதுபோல் பாவனை செய்தார்களாம். பையனுக்குப் பதின்மூன்று வயது. பூசை வைப்பதே உயிர்ப்பணயம் என்பதைப் பார்த்து வளர்ந்தவன் குருவாக ஆசைப்பட்டான் என்றால், அந்த ஆசையில் பதவி மோகத்துக்கு இடமே இல்லை.

எக்யூலிக்கு வந்தால் பல்லே சாமியாரின் கதை. தலைமறைவுக் காலத்தில் ஊர் ஊராக மறைந்து திருப்பலி வைத்த மனிதர் அவர். 1806 வாக்கில் வியான்னியைச் சேர்த்துக்கொண்டு இலத்தீன் சொல்லிக்கொடுத்தார். வயது இருபது. பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள் சின்னப் பையன்கள். மனப்பாடம் நிற்கவில்லை. 1809-இல் ஸ்பெயின் போருக்குப் பட்டாளத்தில் சேரச் சொல்லி உத்தரவு. குருமட மாணவர்களுக்கு இருந்த விலக்குப் பட்டியலில் இவர் பெயர் விடுபட்டிருந்தது. போகும் வழியில் நோய்வாய்ப்பட்டுப் பின்தங்கி, கடைசியில் லெ நோவே என்ற மலைக்கிராமத்தில் ஜெரோம் வின்சென்ட் என்ற பெயரில் ஒளிந்திருந்தார். அங்கே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். நெப்போலியனின் இரண்டாம் திருமணத்தை ஒட்டி வந்த பொதுமன்னிப்பால்தான் வீடு திரும்ப முடிந்தது. இவருக்குப் பதிலாகத் தம்பி பட்டாளத்துக்குப் போனார்.

லியோன் குருமடத்தில் பாடம் இலத்தீனில், தேர்வும் இலத்தீனில். தோற்றார், அனுப்பிவிட்டார்கள். பல்லே போய் மன்றாடினார். பொறுப்பில் இருந்த முதன்மைக் குரு கூர்போன் கேட்டது இரண்டே விஷயம்: பக்தி உள்ளவரா, ஜெபமாலை நன்றாகச் சொல்வாரா? மீதியைக் கடவுளின் அருள் பார்த்துக்கொள்ளும் என்று கையெழுத்துப் போட்டார். 1815 ஆகஸ்ட் 13 அன்று கிரெனோபிளில் குருப்பட்டம். ஆனாலும் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) கேட்கும் அதிகாரத்தை உடனே தரவில்லை. சில மாதம் கழித்துத்தான் தந்தார்கள். அவரிடம் முதன்முதலில் முழங்காலிட்டவர் அவருடைய ஆசிரியர் பல்லேயே.

பல்லே 1817 டிசம்பரில் இறந்தார். அவரிடமிருந்து வியான்னிக்கு வந்த சொத்து இரண்டு: கடுமையான தவமுயற்சி, பாவமன்னிப்பு கொடுப்பதில் கடுமை. இரண்டாவது ஆர்ஸில் மெல்ல இளகியது. அவரைப் பற்றி நம்மை இந்த அளவுக்குப் பேச வைப்பது அந்த இளக்கம்தான். அதை நாளை மறுநாள் எழுதுகிறேன்.

மதியம் சாப்பாடு சாலையோரக் கடையில். அன்றைய தட்டு 15 யூரோ. பன்றித் தொத்திறைச்சியும் வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கும். ரொட்டியும் ஜாடித் தண்ணீரும் இலவசம். பாட்டில் தண்ணீர் கேட்டால்தான் காசு.

பிப்ரவரி 9, வெள்ளி – ஆர்ஸ்

இந்தத் தேதிக்காகவே பயணத்தை இப்படி அமைத்தது. 1818 பிப்ரவரி 9 அன்றுதான் வியான்னி ஆர்ஸுக்குள் கால்வைத்தார்.

லியோனிலிருந்து வில்ஃப்ரான்ஷுக்கு ரயில் அரைமணிக்குள். அங்கிருந்து சோன் பாலத்தைக் கடந்து கிழக்கே ஒன்பது கிலோமீட்டர். பாலத்தில் நின்று ஆற்றைப் பாருங்கள். 1820-இல் அவரைச் சால் என்ற பங்குக்கு மாற்றினார்கள், மேற்குக் கரையில் உள்ள திராட்சைத் தோட்ட ஊர், உடம்புக்கு நல்ல இடம். சாமான் வண்டி கரைக்கு வந்தது. வெள்ளம் வந்து ஓடம் போகவில்லை. திரும்ப முயன்றபோதும் அதே வெள்ளம். அதற்குள் ஆர்ஸ் மக்கள் லியோனுக்குப் போய் மனு கொடுத்து மாற்றலை ரத்து செய்துவிட்டார்கள்.

கிழக்குக் கரை ஏறியதும் டோம்ப் பீடபூமி. களிமண் நிலம், தண்ணீர் இறங்காது. இடைக்காலத்திலிருந்து வெட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன் குளங்கள் இந்தப் பிரதேசம் முழுக்க. குளிர்காலத்தில் அவற்றிலிருந்து எழும் பனிமூட்டம் நண்பகல் வரை கலையாது. இன்று காலை பத்து மணிக்கு ஐம்பது அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அவர் வந்த அன்றும் இதே மூட்டம்தான். எக்யூலியிலிருந்து முப்பது கிலோமீட்டர் நடந்து வந்தவருக்கு வழி தவறியது. ஆடு மேய்த்த அந்துவான் ஜீவ்ர் என்ற சிறுவன் வழி காட்டினான். “நீ எனக்கு ஆர்ஸுக்கு வழி காட்டினாய், நான் உனக்கு விண்ணகத்துக்கு வழி காட்டுகிறேன்” என்றார். அந்தச் சந்திப்புக்கு ஊருக்கு வெளியே வெண்கலச் சிலை இருக்கிறது. கார் ஓட்டியிடம் சொல்லி அங்கேயே இறங்கி, மீதி தூரத்தை நடந்து ஊருக்குள் போவது நல்லது. நடைபாதை ஓரம் களிமண் சேறு, சாதாரணச் செருப்போ துணிக் காலணியோ உதவாது. வில்ஃப்ரான்ஷிலிருந்து காருக்கு 28 யூரோ ஆனது. ஓட்டுநர் கத்தோலிக்கர் அல்ல, ஆனாலும் சிலை முன்னால் ரேடியோவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

அப்போது ஊரில் 230 பேர். நான்கு மதுக்கடை. பங்கு என்றுகூடச் சரியாகச் சொல்ல முடியாத சிற்றூர். இங்கே கடவுள் மேல் அன்பு பெரிதாக இல்லை, நீங்கள் அதைக் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் செய்த முதல் வேலை பிரசங்கம் அல்ல, வீடு வீடாகப் போனது. எந்த நேரம் போவார் தெரியுமா? மதியச் சாப்பாட்டு நேரம். அப்போதுதான் குடும்பம் முழுக்க வீட்டில் இருக்கும். உட்காரமாட்டார், சாப்பிடமாட்டார். மாடு, விளைச்சல், பிள்ளை என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவார். புதிதாகப் பங்குக்குப் போகும் எந்தக் குருவும் இன்றைக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய முறை இது.

பிரசங்கம் அவருக்குப் பெரும் பாடு. திருப்பண்ட அறையில் (குரு பூசை உடை மாற்றும் அறை) நின்றபடியே பழைய நூல்களைப் பார்த்து எழுதுவார், சனி இரவு கல்லறைத் தோட்டத்தில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். ஞாயிறு மேடையில் நடுவழியில் மறந்துபோய்க் கீழே இறங்கியதும் உண்டு. ஊர்த் திருவிழா நடனத்துக்கு வந்த பிடில்காரரை வழியிலேயே பார்த்து, கூலியைப்போல் இரண்டு மடங்கு கொடுத்துத் திருப்பி அனுப்பினார் என்று சொல்வார்கள். திருமுழுக்கு யோவானுக்குக் கட்டிய பீடத்தின் வளைவில் ‘ஒரு நடனத்துக்கு விலை அவர் தலை’ என்று எழுதவைத்தார். அந்தக் காலத்தில் அவ்வளவு கண்டிப்பு.

வெள்ளிக்கிழமை என்பதால் இரவுக்கு டோம்ப் கெண்டை. இந்த மீனில் இரட்டை முள் அதிகம், நம் ஊர்க் கெண்டைபோலவே. கத்தியால் நெருக்கமாகக் குறுக்கே கீறி, நீளவாட்டில் துண்டு போட்டு, நல்ல சூட்டில் பொரித்தால் சின்ன முள் தெரியாது. 17 யூரோ. தவளைக்கால் 26 யூரோ, வெண்ணெய் பூண்டு கொத்துமல்லி வகையறாவோடு. பக்கத்து மேசையில் கையால் எடுத்துச் சாப்பிட்டார்கள்.

பிப்ரவரி 10, சனி – சாமியார் வீடு

அவர் இறந்த அன்று இருந்தபடியே வீட்டைப் பாதுகாத்திருக்கிறார்கள். சீக்கிரம் போய்விடுங்கள், குழு வந்துவிட்டால் மாடி அறையில் நிற்க இடம் இருக்காது.

கீழே அடுப்பங்கரையில் இரும்புச் சட்டி. ஆரம்ப வருடங்களில் வாரத்துக்கு வேண்டிய உருளைக்கிழங்கை ஒரே தடவையாக வேகவைத்து, தினம் ஒன்றோ இரண்டோ ஆறிப்போனதை உரித்துத் தின்பார். வாரக் கடைசியில் பூசணம் பிடித்திருக்கும். உடம்பு அதற்கு விலை கொடுத்தது: வயிற்று வலி, தலைவலி, காய்ச்சல். இளம் குருக்களுக்குப் பின்னாளில் இதை அவர் பரிந்துரைக்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லாமல் சட்டியை மட்டும் காட்டுவது சரியல்ல.

மாடியில் படுக்கையறை. கிராப்பேன் என்று அவர் பெயரிட்ட பேய், 1824-க்குப் பிறகு முப்பது வருடத்துக்கும் மேல் இரவில் தொல்லை கொடுத்தது என்பார்கள். 1857 பிப்ரவரியில் படுக்கை எரிந்தது. அப்போது அவர் கோவிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு உட்காரும் மரத்தடுப்பு). ஓடிவந்தவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, “பறவையைப் பிடிக்க முடியாமல் கூண்டை எரித்திருக்கிறான்” என்று சொல்லி வேலையைத் தொடர்ந்தார்.

அந்த வேலைதான் ஆர்ஸ். 1823 தொடக்கத்தில் ட்ரெவூ ஊரில் நடந்த தியானத்தில் அவருடைய தொட்டி, கூட்டம் நெருக்கியதில் சாய்ந்து விழப் பார்த்தது. 1827 முதல் வெளியூர்க்காரர்கள் ஆர்ஸுக்கே வரத் தொடங்கினார்கள். கடைசி வருடங்களில் ஆண்டுக்கு 80,000 பேர் வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்நாளில் லியோன் ரயில் நிலையத்தில் ஆர்ஸுக்கென்று தனிச் சீட்டு கவுன்டர், எட்டு நாள் செல்லும் சீட்டு. ஏனென்றால் முறை வர நாள்கணக்காகும்.

இத்தனை பேரை எப்படிச் சமாளித்தார்? நேரப் பங்கீடு. இரவு ஒன்று அல்லது இரண்டு மணிக்குக் கையில் விளக்கோடு கோவிலுக்குப் போவார். விடியும்வரை பெண்கள், திருமுழுக்கு யோவான் பீடத்துப் பக்கத் தொட்டியில். ஏழு மணி வாக்கில் திருப்பலி. பிறகு ஒரு குவளை பால். ஆண்கள் திருப்பண்ட அறையில். 11 மணிக்கு மறைக்கல்வி, தினமும், நோய் இல்லாத எந்த நாளும் தவறாமல். மதியம் மூவேளைச் செபம், சில நிமிடத்தில் நின்றபடி சாப்பாடு, நோயாளிகளைப் பார்த்துவிட்டு மறுபடியும் தொட்டி. இரவு பொதுச் செபம். கோடையில் பதினாறு மணி நேரம் வரை, குளிர்காலத்தில் பதினொன்று, பன்னிரண்டு. கோவிலில் கணப்பு கிடையாது, கால் மரத்துப்போகும். கோடையில் புழுக்கத்தில் மயக்கம் வரும்.

நேரம் மட்டும் போதாது. ஆளுக்குச் சில வார்த்தைதான் பேசினார். ஆரம்பத்தில், நடனத்தை விடும்வரை மாதக்கணக்கில் பாவமன்னிப்பைத் தள்ளிப்போட்டவர், 1830-களுக்குப் பிறகு புனித அல்போன்ஸ் லிகோரியின் இளக்கமான ஒழுக்க இறையியல் வழிக்கு வந்தார். சின்னத் தவமுயற்சி மட்டும் கொடுத்து, மீதியை அவர்களுக்குப் பதிலாகத் தானே செய்வதாகச் சொன்னார். வந்தவர்களின் அழுகையைக் கேட்டுக் கேட்டுப் படித்த பாடம் அது. ஊரை அவர் மாற்றினார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள்; ஊரும் அவரை மாற்றியது என்பதைச் சேர்த்து எழுத வேண்டும்.

பிற்பகல் ‘ப்ரோவிடான்ஸ்’ வீட்டுக்கு. 1824-இல் கத்தரின் லசாஞ், பெனுவாத் லார்தே என்ற இரண்டு கிராமத்துப் பெண்களை வெளியூர் அனுப்பிப் படிக்கவைத்து, பெண்பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாத பள்ளி தொடங்கினார். பின்னர் அநாதைப் பிள்ளைகளும் அங்கேயே தங்கினார்கள். அந்த 11 மணி மறைக்கல்வி இந்தப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பிறகுதான் யாத்திரிகர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 1847-இல் பள்ளி துறவுச் சகோதரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. மேற்பார்வைக்காரர்களுக்கு அது ஒழுங்காகத் தெரிந்தது, கத்தரினுக்கும் அவருக்கும் அது பெரிய வலி.

அறையில் ஒரு தோள்மேலங்கியின் கதையும் சொன்னார்கள். 1852-இல் ஆயர் அவருக்குக் கெளரவக் கேனன் பட்டம் கொடுத்துப் போர்த்திவிட்ட அங்கியை 50 பிராங்குக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். ஆகஸ்ட் 4 அன்று நம் பங்குகளில் சாமியாருக்குப் பொன்னாடை போர்த்தி விழா எடுக்கிறோமே, அந்த நாளின் புனிதர் தன் பொன்னாடையை இப்படித்தான் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 11, ஞாயிறு – பசிலிக்கா, பேருந்து இல்லாத நாள்

பழைய கோவிலை இடிக்காமல், அதன் நீட்சியாகப் புதிய பசிலிக்காவை ஒட்டியிருக்கிறார்கள். வாசலில் நுழைந்தால் முதலில் வருவது வியான்னியின் சிறிய கோவில்: தொட்டி, பிரசங்க மேடை எல்லாம் இருந்த இடத்திலேயே. அதைக் கடந்தால்தான் போசானின் குவிமாடம். அவசரக்காரர்கள் நேரே கண்ணாடிப் பேழைக்குப் போய்விடுகிறார்கள். அதில் அவர் உடல். 1904-இல் தோண்டி எடுத்தபோது அழியாமல் இருந்தது, முகத்தில் மெழுகு முகமூடி. இதயம் தனியாக வேறொரு சிற்றாலயத்தில், கபூஷே செதுக்கிய முழங்காலிட்ட சிலையோடு. 1925 மே 31 புனிதர் பட்டம், 1929-இல் உலகப் பங்குத்தந்தையரின் பாதுகாவலர்.

ஞாயிறு திருப்பலியில் கணிசமான பகுதி இளம் குடும்பங்கள். பக்கத்தில் இருந்த பாட்டி பாட்டுத்தாளைப் பாதி பிடித்துக்கொண்டு, வரி மாறும்போதெல்லாம் விரலால் காட்டிக்கொடுத்தார். கூட்டம் பெருகும் நாட்களுக்காக 1961-இல் தரைக்கடியில் ஒரு பெரிய கோவில் கட்டினார்கள். வெளியே இருந்து தெரியவே தெரியாது. 1986 அக்டோபர் 6 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து குருக்களுக்குத் தியானம் கொடுத்தார்.

நிறையப் பேருக்குத் தெரியாதது: அவர் இந்தப் பங்கைவிட்டு ஓடிப்போக முயன்றிருக்கிறார், ஒரு தடவை அல்ல. தான் தகுதியற்றவர், தனிமையில் அழுது பாவப்பரிகாரம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. அவர் அறிவில்லாதவர் என்று பக்கத்துப் பங்குக் குருக்கள் சுற்றுக்கு விட்ட மனு தவறிப்போய் அவர் கைக்கே வந்தபோது, அதிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினாராம். 1843-இல் டார்டியி வரை போய்விட்டார், யாத்திரிகர்கள் அங்கேயும் தேடிவந்தார்கள். 1853 செப்டம்பரில் நள்ளிரவில் கிளம்பினார். கத்தரின் மூலம் விஷயம் கசிந்தது, உதவிக் குரு தொக்கானியே அவருடைய செபப் புத்தகத்தைப் பிடுங்கிவைத்தார், யாரோ ஆபத்து மணி அடித்தார்கள், மக்கள் வழியில் முழங்காலிட்டார்கள். திரும்பிவந்து அங்கியை மாட்டிக்கொண்டு தொட்டியில் உட்கார்ந்தார். 1859 ஜூலை 29 வரை அதில்தான் இருந்தார். அன்று கடும் வெயில், அதன்பின் எழவில்லை. ஆகஸ்ட் 4 அதிகாலை இரண்டு மணிக்கு, 73-ஆம் வயதில் இறந்தார்.

கடைசியாக நடைமுறை. ஞாயிறு பேருந்து கிடையாது என்பதை நிறுத்தத்தில் ஒட்டியிருந்த சிறிய எழுத்து அட்டவணை சொன்னது. முன்பதிவு செய்த டாக்சி வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. மழை ஆரம்பித்திருந்தது. கோவில் முற்றத்தில் பெட்டியோடு நின்றதைப் பார்த்த ஒரு குடும்பம், பின்சீட்டில் இருந்த குழந்தை இருக்கையைக் கழற்றி டிக்கியில் போட்டு இடம் பண்ணி, வில்ஃப்ரான்ஷ் ரயில் நிலையம் வரை கொண்டுவிட்டது. பெட்ரோலுக்கென்று நீட்டிய பத்து யூரோவை வாங்கவில்லை. ஆர்ஸ் போகிறவர்கள் சனிக்கிழமை மாலையே கிளம்பிவிடும்படி திட்டமிடுங்கள், அல்லது ஞாயிறு தங்கித் திங்கள் காலை பேருந்தைப் பிடியுங்கள். ஆகஸ்ட் 4-ஐ ஒட்டிப் போவதென்றால் தங்குமிடத்தை மாதங்களுக்கு முன்பே உறுதி செய்யுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறவர்கள், ஆங்கிலம் தெரிந்த குரு எந்த நேரத்தில் இருப்பார் என்று யாத்திரிகர் அலுவலகத்தில் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.